ஓய்வு பெறாத துப்பாக்கி

பத்து வருசம் போலீசில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த ஒருவர், பழைய இலாகா கொடுத்த போட்டோ போட்ட அடையாள அட்டையையும், கடந்த 12 மாதத்துக்குள் துப்பாக்கி சுடும் சோதனையில் தேறியதற்கான அத்தாட்சியையும் பையில் வைத்திருந்தால் போதும். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இடுப்பில் துப்பாக்கியை மறைத்துச் செருகிக்கொண்டு அவர் போகலாம், வரலாம். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதைப் பற்றி அந்தந்த மாநிலச் சட்டம் என்ன சொன்னாலும் அது அவரைக் கட்டாது. 2004 ஜூலை 22 அன்று ஜார்ஜ் டபிள்யூ புஷ் கையெழுத்துப் போட்ட சட்டம் இது. பணியில் இருக்கும் போலீசுக்கும் பொருந்தும், பணியை விட்டு வந்தவருக்கும் பொருந்தும். ‘சட்ட அமலாக்க அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம்’ என்று பெயர். பெயரைக் கவனியுங்கள் தோழர்களே. பாதுகாப்பு யாருக்கு என்பதை ஒளிவுமறைவில்லாமல் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

அமெரிக்க போலீசு எதை இடுப்பில் செருகினால் நமக்கென்ன என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். பூலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’யை அடிமை முறையை ஒழிக்க நின்ற அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் நம் தோழர்கள் தங்களுக்குச் சிறுத்தை என்று பெயர் வைத்துக்கொண்டபோது, அந்தப் பெயர் ஆக்லாந்து நகரத்துக் கறுப்பு இளைஞர்களிடமிருந்து வந்தது. அந்த இளைஞர்களின் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்து ஒரு மாநில அரசு என்ன செய்தது என்பதும் இந்தக் கதைக்குள் வருகிறது. ஆகவே இது நமக்கு ஊர்க்கதை அல்ல, உறவுக்காரர் வீட்டுக் கதை.

சட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 2004இல் வந்தபோது 15 வருசப் பணி வேண்டும், பென்சனுக்கு உரிமை இருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போட்டிருந்தார்கள். 2010இல் திருத்தினார்கள். 15 வருசம் 10 ஆனது. பென்சன் நிபந்தனை போனது. ‘ஓய்வு பெற்றவர்’ என்ற இடத்தில் ‘நல்ல நிலையில் பணியிலிருந்து விலகியவர்’ என்ற சொற்கள் வந்தன. 2013இல் ராணுவப் போலீசுக்கும் விரித்தார்கள். குடிபோதையில் இருக்கக் கூடாது, மனநிலை காரணமாகத் தகுதியற்றவர் என்று முடிவு செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது, இயந்திரத் துப்பாக்கியும் சத்தம் அமுக்கியும் இதில் சேராது, தனியார் தங்கள் இடத்தில் வேண்டாம் என்று மறுக்க மாநிலங்கள் அனுமதிக்கலாம். இவை வரம்புகள். ஆனால் ‘நல்ல நிலை’ என்றால் என்ன? சட்டத்தில் அதற்கு விளக்கமே கிடையாது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவன் நல்ல நிலையில் போனவனா, கெட்ட நிலையில் போனவனா? அவனுடைய இலாகாதான் சொல்ல வேண்டும். போலீசு நல்லவனா என்பதைப் போலீசு சொல்லும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இந்த அட்டை போலீசு அதிகாரம் எதையும் தருவதில்லை. யாரையும் கைது செய்ய முடியாது, நிறுத்தி விசாரிக்க முடியாது. அதிகாரம் போய்விட்டது, ஆயுதம் மட்டும் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், எவ்வளவு விசித்திரமான ஜந்து இது. அதிகாரத்துக்காகத்தான் ஆயுதம் என்பது அரசு நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். இங்கே அதிகாரத்தைக் கழற்றி வைத்த பிறகும் ஆயுதம் உடம்போடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது.

நான் வங்கியில் கிளார்க். எங்கள் உத்தியோகத்தில் ஓய்வு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தலைமைக் காசாளர் ரிட்டயராகிற அன்றைக்கு மாலை போடுகிறோம், சால்வை போர்த்துகிறோம், ஸ்வீட் காரம் காபி கொடுக்கிறோம். ஆனால் அதற்கு முன்னாலேயே பெட்டகச் சாவியை எண்ணி வாங்கிக்கொண்டு, ரிஜிஸ்டரில் கையெழுத்தும் வாங்கிவிடுவோம். முப்பது வருசம் ஒரு ரூபாய் குறையாமல் கணக்குக் கொடுத்த மனுசன்தான். இருந்தாலும் மறுநாள் காலையில் அவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற வாடிக்கையாளர். நவம்பர் மாதத்தில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வரிசையில் நிற்பார். அதில் அவர் நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று, இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பது. அதில் ஒரு அவமானமும் இல்லை. பதவி வேறு ஆள் வேறு என்பதுதானே ஜனநாயகம் என்று நாம் படித்தது? நாற்காலியிலிருந்து எழுந்தவுடன் நாற்காலியின் சக்தி நாற்காலியிலேயே தங்கிவிட வேண்டும். எழுந்தவன் உடம்போடு அது போய்விடும் என்றால் அதற்குப் பெயர் பதவி இல்லை. ஒருவனுடைய உடம்பிலேயே ஊறி, சாகிறவரை கழறாத தகுதி என்பது என்ன என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சட்டத்துக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட நியாயம் இரண்டு. ஒன்று, போலீசு பிடித்துக் கொடுத்த குற்றவாளி விடுதலையாகி வந்து பழி வாங்குவான், அப்போது ஓய்வு பெற்றவர் வெறுங்கையோடு நிற்கலாமா? இரண்டு, 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு நாடெங்கும் பயிற்சி பெற்ற கைகளில் துப்பாக்கி இருப்பது எல்லோருக்கும் நல்லது. 1915இல் பிட்ஸ்பர்க்கில் தோன்றிய ‘போலீசு சகோதரத்துவம்’ என்ற போலீசு சங்கம் இதற்காக வருசக்கணக்கில் உழைத்தது. குடியரசுக் கட்சி ஜனநாயகக் கட்சி என்ற பேதமில்லாமல் செனட்டில் காம்ப்பெல்லும் லேகியும் சேர்ந்து முன்னின்றார்கள். வேடிக்கை என்னவென்றால், போலீசு தலைவர்களின் சர்வதேச சங்கம் இதை எதிர்த்தது. கீழே வேலை பார்க்கிறவர்களின் சங்கம் வேண்டும் என்றது, மேலே பொறுப்பில் இருக்கிறவர்களின் சங்கம் வேண்டாம் என்றது. யார் யாரெல்லாம் எந்தப் பயிற்சியோடு எங்கே துப்பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு ஊரைக் காவல் காப்பது எப்படி என்ற கவலை அவர்களுக்கு.

பழி வாங்குவார்கள் என்ற பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். சில பேருக்கு அது நிஜம்தான். ஆனால் பயத்துக்குத்தான் துப்பாக்கி என்றால், சட்டம் பயத்தை அல்லவா விசாரித்திருக்க வேண்டும்? இந்தச் சட்டம் ஒருவரிடமும் ‘உனக்கு யாரால் ஆபத்து’ என்று கேட்பதில்லை. பத்து வருசமும் அலுவலக மேசையில் காகிதம் பார்த்தவராக இருந்தாலும், கைது செய்யும் அதிகாரம் சட்டப்படி இருந்திருந்தால் அட்டை உண்டு. மறுபக்கம், அதே குற்றவாளிக்கு எதிராகக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்ன பெட்டிக்கடைக்காரனுக்கு அட்டை உண்டா? அடித்துக் கொல்ல வருகிற புருசனிடமிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் ஓடுகிற பெண்ணுக்கு? கிடையாது. அவர்களுக்கு அந்தந்த மாநிலத்துச் சட்டம்தான்.

ஆபத்து நிஜமாகவே வீட்டு வாசலுக்கு வந்த ஒரு மனிதர் விண்ணப்பம் போட்டார். 1956 ஜனவரி 30 அன்று அலபாமா மாநிலம் மான்ட்கமரியில் அவர் வீட்டின் மீது குண்டு வீசினார்கள். உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அவர் ஒரு பாதிரியார், வயது 27. துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் கேட்டார். கொடுக்கவில்லை. அந்தப் பாதிரியார் பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

அய்யா, குண்டு விழுந்த வீட்டுக்காரனுக்குக் கிடைக்காத சீட்டு இது. இந்த மறுப்பு அந்த ஊர் அதிகாரி ஒருத்தர் புத்தியில் உதித்தது அல்ல. 1704இல் கரோலினாவில் அடிமை ரோந்து என்று ஒரு படையைச் சட்டம் போட்டு உண்டாக்கினார்கள். வெள்ளையர் குதிரை மேல் ஏறி, கையில் துப்பாக்கியும் சாட்டையுமாகத் தோட்டம் தோட்டமாகப் போய், வழியில் அகப்பட்ட கறுப்பரிடம் எசமான் கொடுத்த சீட்டு எங்கே என்று கேட்பார்கள். சீட்டு இல்லாவிட்டால் சாட்டை. அடையாள அட்டையின் பூர்வீகம் அந்த மண்ணில் இதுதான், ஒருவன் கையில் சீட்டு, இன்னொருவன் கையில் துப்பாக்கி. 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பரைக் குடிமக்கள் என்று ஒத்துக்கொள்ள முடியாததற்குக் காரணங்களை அடுக்கும்போது, அப்படி ஒத்துக்கொண்டால் அவர்கள் போகிற இடமெல்லாம் ஆயுதம் எடுத்துச் செல்ல உரிமை வந்துவிடுமே என்பதையும் ஒரு காரணமாக எழுதினார். அடிமை முறை ஒழிந்த 1865ஆம் வருசமே மிசிசிப்பியில் ஒரு சட்டம் வந்தது. விடுதலையான கறுப்பர் யாரும், அந்தக் கவுண்டியின் போலீசு வாரியம் உரிமம் கொடுத்தாலொழிய, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. போலீசு வாரியம்! சொல்லைப் பாருங்கள்.

அப்புறம் ஆக்லாந்து. போலீசு வண்டிகளுக்குப் பின்னாலேயே சட்டப் புத்தகமும் துப்பாக்கியுமாகப் போய், கறுப்பரை நிறுத்தி விசாரிக்கிற இடத்தில் தள்ளி நின்று பார்ப்பது கறுப்புச் சிறுத்தைகளின் வேலையாக இருந்தது. அன்றைய கலிபோர்னியாச் சட்டப்படி வெளிப்படையாகத் துப்பாக்கி எடுத்துச் செல்வது குற்றம் இல்லை. 1967 மே 2ஆம் தேதி அவர்கள் சாக்ரமென்டோவில் மாநிலச் சட்டமன்றத்துக்குள்ளேயே துப்பாக்கிகளோடு போய் நின்றார்கள். அந்த வருசமே, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதைத் தடை செய்யும் மல்ஃபர்டு சட்டத்தில் ஆளுநர் ரொனால்டு ரீகன் கையெழுத்துப் போட்டார். துப்பாக்கி உரிமையின் காவலர் என்று பின்னால் பெயர் வாங்கிய அதே ரீகன்தான். சிறுத்தைகள் துப்பாக்கியை மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் பார்க்கும்படி கையில் பிடித்திருந்தார்கள். அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

இந்த ‘மறைத்து’ என்ற சொல் எனக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. துப்பாக்கியை மறைக்கலாம், அட்டையை மறைக்கலாம், தோலை எப்படி மறைப்பது?

2016 ஜூலை 6 அன்று மினசோட்டா மாநிலம் ஃபால்கன் ஹைட்சில் ஒரு காரை போலீசு நிறுத்தியது. ஓட்டியவர் ஃபிலாண்டோ காஸ்டில், 32 வயது, ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக்கூடப் பொறுப்பாளர், கறுப்பர். அதற்கு முன் நாற்பது தடவைக்கு மேல் போலீசு அவர் வண்டியை நிறுத்தியிருக்கிறது. மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமம் அவரிடம் இருந்தது. முறைப்படி, மரியாதையோடு, ‘அய்யா, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது’ என்று முன்கூட்டியே சொன்னார். போலீசு கேட்ட அடையாள அட்டையை எடுக்கக் கையை நகர்த்தினார். ஏழு குண்டுகள். பின்சீட்டில் நாலு வயதுக் குழந்தை. பக்கத்தில் இருந்த பெண் அதைச் செல்போனில் அப்படியே உலகத்துக்குக் காட்டினார். சுட்டவர் 2017 ஜூனில் விடுதலை. அடையாள அட்டை, மறைத்த துப்பாக்கி, உரிமம், எல்லாம் காஸ்டிலிடமும் இருந்தன. ஓய்வு பெற்ற அதிகாரியிடம் இருக்கிற அதே மூன்றும்தான். ஒருவருக்கு அது கவசம், இன்னொருவருக்கு அதை எடுக்கப் போனதே மரணம்.

போலீசாகவே இருந்தாலும் என்ன? ஓமர் எட்வர்ட்சு நியூயார்க் போலீசுக்காரர், 25 வயது, கறுப்பர். 2009 மே 28 இரவு டூட்டி முடிந்து போகும்போது தன் காரை உடைத்தவனைத் துப்பாக்கியோடு துரத்தினார். வந்து சேர்ந்த இன்னொரு போலீசுக்காரர், வெள்ளையர், சுட்டுக் கொன்றார். குற்றச்சாட்டுக்கூட பதிவாகவில்லை. இதற்குப் பிறகு நியூயார்க் மாநிலம் அமைத்த குழு 2010இல் அறிக்கை கொடுத்தது. டூட்டியில் இல்லாதபோது ஆள் தெரியாமல் சக போலீசால் கொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்கர்களும்தான் என்று அது எழுதியது. ஓமர் எட்வர்ட்சின் பையிலும் அட்டை இருந்தது. தோல் முந்திக்கொண்டது.

இப்போது எதிர்ப்பக்கம். 2020 பிப்ரவரி 23, ஜார்ஜியா மாநிலம் பிரன்சுவிக் பக்கத்தில் ஒரு குடியிருப்பு. அகமாத் ஆர்பெரி என்ற 25 வயதுக் கறுப்பு இளைஞர் ஓடிக்கொண்டிருந்தார். அப்பனும் மகனும் துப்பாக்கிகளோடு பிக்கப் வண்டியில் ஏறித் துரத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு வண்டியில் சேர்ந்துகொண்டார். மகன் சுட்டான். அப்பன் முன்னாள் போலீசுக்காரர், அதன்பின் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் புலனாய்வாளராக இருந்து 2019இல் ஓய்வு பெற்றவர். கட்டாயப் பயிற்சியை முடிக்காததால், ஓய்வுக்கு முன்பே அவருடைய கைது அதிகாரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. எனவே காகிதத்தில் அவரிடம் எதுவும் இல்லை. இவரிடம் அந்த அட்டை இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அட்டை எந்த மனசிலிருந்து பிறக்கிறதோ அந்த மனசைச் சொல்கிறேன். இந்தத் தெரு என்னுடையது, ஓடுகிறவன் யார் என்று கேட்பது என் வேலை, பதில் சொல்வது அவன் கடமை. அந்த மனசுக்கு ரிட்டயர்மெண்ட் வயசு கிடையாது. 74 நாள் யாரும் கைதாகவில்லை. முதல் அரசு வழக்கறிஞர் தன்னிடம் வேலை பார்த்தவர் என்று விலகினார். இரண்டாமவர், குடிமகனே கைது செய்யலாம் என்கிற மாநிலச் சட்டத்தைக் காட்டிக் கைதுக்கு முகாந்திரமில்லை என்று எழுதிவிட்டு விலகினார். அந்தச் சட்டம் 1863ஆம் வருசத்தது, அடிமை முறை நடப்பில் இருந்த காலத்தது. வீடியோ வெளியே வந்த பிறகுதான் கைது. 2021 நவம்பரில் மூவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 1863இன் சட்டத்தையும் ஜார்ஜியா அந்த வருசம்தான் ரத்து செய்தது. ஒரு பிள்ளையின் உயிர் தேவைப்பட்டது.

எல்லாம் நிறம் மட்டும்தான் என்று சொல்லிக் கணக்கை முடிக்கவும் முடியாது. 2014 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஒரு சினிமாத் தியேட்டர். படம் ஆரம்பிக்கும் முன், முன்வரிசையில் ஒருவர் செல்போனில் செய்தி தட்டிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் இருந்தவர் தாம்பா நகரத்தின் ஓய்வு பெற்ற போலீசு கேப்டன், 71 வயது. வாக்குவாதம். பாப்கார்ன் வீச்சு. துப்பாக்கி வெடித்தது, இளையவர் செத்தார். இருவரும் வெள்ளையர். ஆயுதம் கூடாது என்பது அந்தத் தியேட்டரின் விதி. 2022இல் ஜூரி அவரை விடுதலை செய்தது. தன்னைக் காத்துக்கொள்ளத்தான் சுட்டேன் என்றார், நம்பினார்கள்.

சட்டத்தைக் கீழவையில் கொண்டுவந்தவர் கதையையும் ஒரு ஓரமாகச் சொல்லிவிடுகிறேன். ராண்டி கன்னிங்காம், கலிபோர்னியாக்காரர், வியட்நாம் போரில் விமானி. ஓய்வு பெற்ற போலீசு நம்பத்தகுந்தவர்கள் என்று சபையில் வாதாடியவர். 2005 நவம்பரில் லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொண்டார், 2006 மார்ச்சில் 8 வருசம் 4 மாதம் சிறை. அந்த நாட்டுச் சட்டப்படி தண்டனை பெற்ற அப்படிப்பட்டவர் துப்பாக்கியைத் தொடவே கூடாது. 2021இல் டிரம்ப் மன்னித்துவிட்டார்.

இதையெல்லாம்விட எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றால். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

1871இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து, விடுதலையான கறுப்பர் வாக்களிக்கப் போனால், கூ கிளக்ஸ் கிளான் வெள்ளை முகமூடி போட்டுக்கொண்டு வந்து தூக்கில் மாட்டியது. ஊர் ஷெரீப் பார்த்துக்கொண்டு நின்றார், சில ஊர்களில் முகமூடிக்குள் இருந்ததே அவர்தான். இதை முறிக்கத்தான் அதிபர் கிராண்ட் காலத்தில் கிளான் சட்டம் என்றே அழைக்கப்பட்ட சட்டம். அதன் ஒரு பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. மாநில அதிகாரத்தின் பெயரால் எவனாவது உன் உரிமையைப் பறித்தால், அவன் மேல் நீ ஒன்றிய நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். 1983ஆம் பிரிவு என்பார்கள், அது வருசம் அல்ல, தொகுப்பில் அதன் எண். கறுப்பு மக்கள் ரத்தத்தால் வாங்கிய கதவு அது.

அந்தக் கதவை 1961இல் ஒரு கூட்டம் தட்டியது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகர பஸ் நிலையத்தில் கறுப்பரும் வெள்ளையருமாக 15 பாதிரியார்கள் சேர்ந்து ஒரே இடத்தில் உட்காரப் போனார்கள். போலீசு கைது செய்தது. வழக்கு நிற்கவில்லை. போலீசின் மேல் அவர்கள் இதே பிரிவில் வழக்குப் போட்டார்கள். 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: போலீசு நல்லெண்ணத்தோடு செய்திருந்தால் அதுவே அவர்களுக்குத் தற்காப்பு. சட்டத்தில் எழுதாத இந்தத் தற்காப்பு, 1982இல் இன்னும் தடித்தது. இன்றைக்குப் போலீசால் அடிபட்டவர் நஷ்ட ஈடு கேட்டுப் போனால், இதே மாதிரி அடித்தது தப்பு என்று ஏற்கனவே தெளிவாக நிலைபெற்ற சட்டம் இருக்கிறதா, காட்டு என்கிறார்கள். அடியில் அடியாக, உதையில் உதையாக ஒத்துப்போகிற பழைய தீர்ப்பைத் தேடிக்கொண்டு எத்தனையோ பேர் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்.

இப்போது கேளுங்கள். 2016இல் வாசிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அதே கதவைத் தட்டியவர்கள், ஓய்வு பெற்ற நான்கு சிறைக் காவலர்கள். இவர்களுக்குப் பணியில் கைது அதிகாரம் இருந்தது என்று சான்றளிக்க இலாகா மறுத்ததால், மறைத்துத் துப்பாக்கி வைக்கும் உரிமை போகிறது என்று அதே 1983ஆம் பிரிவில் வழக்கு. கதவு திறந்தது. இது அவர்களுக்குக் காங்கிரசு கொடுத்த தனிப்பட்ட உரிமை, வழக்குப் போடலாம் என்றது நீதிமன்றம். 2024இல் நியூஜெர்சி. அந்த மாநிலம் ஓய்வு பெற்ற போலீசுக்குத் தன் சொந்த உரிம முறை ஒன்றை வைத்திருந்தது. 75 வயதுக்கு மேல் கிடையாது. உடம்புக்குள் போய் விரிந்து கிழிக்கிற குழிமுனைத் தோட்டாவுக்கும் அங்கே தடை. மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒன்றியச் சட்டத்தின் முன் அந்த மாநில முறை செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒன்றியச் சட்டத்தில் வயசு வரம்பே இல்லை.

எல்லா நீதிமன்றங்களும் இப்படிச் சொல்லவில்லை. 2019இல் ஃபுளோரிடா வழக்கு ஒன்றில் பதினோராவது வட்டாரம், அட்டையைக் கொடு என்று கட்டாயப்படுத்தும் உரிமை இந்தச் சட்டத்தில் இல்லை என்றது. சட்டம் படித்த தோழர்கள் இன்னொன்றும் சொல்வார்கள், அடிபட்டவன் கேட்டது நஷ்ட ஈடு, இவர்கள் கேட்டது உத்தரவு, இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று. சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நான் கவிதை எழுதுகிறவன், எனக்குக் கதவுதான் தெரிகிறது. முகமூடிக்காரனிடமிருந்து தப்ப, தாத்தா பாட்டி செதுக்கி மாட்டிய கதவு. பேரன் தட்டினால் யாரடா நீ என்கிறது. சிறைக் காவலன் தட்டினால் உள்ளே வா என்கிறது.

இப்போதைய நிலைமை என்னவென்றால், 2022 ஜூனில் நியூயார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறப்புக் காரணம் காட்டினால்தான் உரிமம் என்கிற மாநிலச் சட்டங்களை ஒழித்துவிட்டது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே இல்லாமல் மறைத்து எடுத்துச் செல்லலாம். அப்படியானால் இந்த அட்டைக்கு மவுசு குறைந்திருக்க வேண்டுமே? குறையவில்லை. மாநில எல்லை தாண்டினால் சாதாரணக் குடிமகனின் உரிமம் பல இடங்களில் செல்லாக் காசு. அட்டை எங்கும் செல்லும். போதாதென்று, பள்ளிக்கூடங்களைச் சுற்றி ஆயிரம் அடிக்குத் துப்பாக்கி கூடாது என்கிற ஒன்றியச் சட்டத்திலிருந்தும் அட்டைக்காரர்களுக்கு விலக்கு வேண்டும் என்று மசோதாக்கள் காங்கிரசில் மாறி மாறி வருகின்றன.

நம் கூட்டங்களில் இதைப் பேசும்போது இரண்டு குரல் எழும் என்று எனக்குத் தெரியும். ஒன்று, அவர்களுக்கு அட்டை உண்டென்றால் கறுப்பருக்கும் துப்பாக்கி கொடு, கணக்கு நேராகிவிடும் என்பது. காஸ்டில் கணக்கை நேராக்கித்தான் பார்த்தார். இன்னொரு குரல், எல்லோரிடமிருந்தும் பிடுங்கு என்பது. பிடுங்கப் போவது யார், எந்தத் தெருவில் முதலில் ஆரம்பிப்பார்கள் என்பதற்கு 1865உம் 1967உம் பதில் வைத்திருக்கின்றன. என் பக்கம் இது: பதவியோடு வந்தது பதவியோடு போகட்டும். மாலையும் போடுங்கள், பென்சனும் கொடுங்கள், சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். அச்சுறுத்தல் உண்மையாக இருக்கிறவர், அவர் முன்னாள் போலீசாக இருந்தாலும் சாட்சி சொன்ன பெட்டிக்கடைக்காரராக இருந்தாலும், ஒரே ஜன்னலில் ஒரே வரிசையில் நின்று காரணம் சொல்லட்டும். ‘நல்ல நிலை’ என்றால் என்னவென்று அந்த இலாகாவுக்கு வெளியே இருப்பவர்கள் எழுதட்டும், நிலுவையில் உள்ள புகார்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

இதற்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள், குறிப்பாகச் சட்டக் கல்லூரித் தோழர்கள். 1871 சட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை தேவைப்படுகிறது. மிசிசிப்பி பாதிரியார்கள் வழக்கின் தீர்ப்பைத் தமிழில் கொண்டுவர யாராவது முன்வந்தால், நீளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அடுத்த இதழில் முழுசாகப் போடுகிறோம்.